புரட்டாசிக்குள் போயிடணும்

மனைவி வேதவல்லி சொன்ன அந்த மலையைப் பூவராகன் ஒன்பது வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். சந்தேகம் என்றால் வெளியே எடுத்து வைத்துப் பார்க்கிற சந்தேகம் இல்லை. செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி, நடந்தால் உறுத்தும், நின்றால் மறந்துபோகும். அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னாள், அதுதான் முதல் உறுத்தல். மலை முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது, மாமா காரிலிருந்து இறங்கி அந்தக் கல்சுவர் ஓரமாகப் போய் நின்றார், ரொம்ப நேரம் பார்த்தார், போதும்மா, கண்ணு நெறைஞ்சுபோச்சு என்றார், பெஞ்சில் உட்கார்ந்தார், நான் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றித் திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. நடந்ததைச் சொல்கிற மனுஷர்கள் ஒரு தடவை காபி என்பார்கள், மறுதடவை டீயாக இருக்குமோ என்று யோசிப்பார்கள், நடுவில் குளிர் வரும், காற்று வரும், எதிரே நின்ற யாரோ ஒருவரின் நாய் வரும். இவள் சொல்வதில் நாயே வராது. ஊரில் அவன் தங்கை பூங்கோதை ஒவ்வொரு திதிக்கும் போனில் இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, எங்கப்பா மாதிரி கொடுத்துவெச்சவங்க யாரு அண்ணி என்று மூக்கைச் சிந்துவாள். அவனும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அந்த மலை அவன் கண்ணுக்குள் அப்படியே நிற்கும், சிவப்பும் ஆரஞ்சுமாக, கீழே கல்சுவர், ஓரத்தில் பெஞ்சு, வலது மூலையில் வெள்ளையாக ஒரு வெளிச்சக் கீற்று. அது சூரியன் என்று நினைத்துக்கொள்வான். அவன் அங்கே போனதே இல்லை. போகாத இடம் எப்படி இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டாவது உறுத்தல் அப்பாவே. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மரம் என்பது அவருக்குக் கம்பியில் உரசுகிற ஒரு வஸ்து. கோயிலுக்குப் போனால்கூட ராஜகோபுரத்தைப் பார்க்கமாட்டார், வாசல் வேப்பமரத்தின் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மழை வந்தால் எந்தத் தெருவுக்குக் கரண்ட் போகும் என்று பார்ப்பார். போதும் என்கிற சொல்லும் அவர் வாயில் வந்து அவன் கேட்டதில்லை. ரசத்துக்கு, மோருக்கு, வெந்நீருக்கு, எதற்கும் இன்னும் கொஞ்சம் என்றுதான் வரும். அப்படிப்பட்டவர் ஒரு மலையைப் பார்த்துக் கண் நிறைந்தது என்றாரா. சாகப்போகிறவன் மாறுவான் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். மூன்றாவது உறுத்தல் ஒன்று உண்டு. அதன் பக்கம் போகமாட்டான்.

இப்போது ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைக் காலை, நியூஜெர்ஸி வீட்டின் சாப்பாட்டு மேஜை, அவன் முன்னால் மடிக்கணினி, எதிரே வேதவல்லி. பின்பக்கத் தோட்டத்தில் பறித்த அவரைக்காயை ஒரு தட்டில் குவித்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். கிள்ளி, இழுத்து, ஒடித்து, பாத்திரத்தில் போடுகிற சத்தம் ஒரே சீராக வந்தது. ஒரு வாரப் பயணம். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே காரில். ஒன்பது வருஷமாக அவன் கேட்பான், அவள் வர்ஜீனியாப் பக்கம் போகலாம் என்பாள், இல்லை இந்த வருஷம் வேண்டாம் என்பாள், மகள் பரீட்சை என்பாள். மகள் கல்லூரிக்குப் போனபின் அந்தச் சாக்கும் போயிற்று. போன வாரம் அவள் திடீரென்று சரி போலாங்க என்றாள், அவனைப் பார்க்காமல், பால் பொங்குவதைப் பார்த்தபடி. அந்தப் பெஞ்சில் நானும் ஒருதடவை உட்காரணும் என்று அவன் சொன்னதற்கு, சரி போலாங்க. அவனுக்கு இருபது வயது குறைந்தமாதிரி இருந்தது. முதல் நாள் வெர்மான்ட்டில் தெற்கே தங்குவது, மறுநாள் மலை ஏறுவது, அங்கே இரண்டு ராத்திரி, அப்புறம் கிழக்கே திரும்பி நியூஹாம்ப்ஷயர், வரும் வழியில் கூரை போட்ட மரப்பாலம் ஒன்று, ஆப்பிள் தோட்டம் ஒன்று. மின்சாரக் குக்கரை மோட்டலில் குளியலறைக்குள் வைத்துச் சோறு வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவிக்கே புகைமணி அடித்து ஊரைக் கூட்டிவிடும், இதெல்லாம் போன தடவை டல்லாஸிலிருந்து எங்கோ போனபோது கற்றது. டல்லாஸில் இலை சிவக்காது. அது ஒரு நாள் பச்சையாக இருக்கும், இன்னொரு நாள் கீழே கிடக்கும். அப்பா வந்த வருஷம்தான் அவர்கள் டல்லாஸிலிருந்து இங்கே மாறியிருந்தார்கள். அக்டோபர் என்றால் வடக்கே இலை சிவக்கும் என்று யாரோ சொன்னது மட்டும் தெரியும். எந்த வாரம், எந்த உயரத்தில் என்று ஒன்றும் தெரியாது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, வேதவல்லி கிடைத்த வாரத்தில் மாமனாரை ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நல்லா ஓட்டுவாள், அவனைவிட நல்லா ஓட்டுவாள். அந்தக் காட்சிமுனைக்குப் பேர் என்ன வேதா என்று இப்போது கேட்டான். வளைஞ்சு வளைஞ்சு ஏறும், பேரு ஞாபகம் இல்ல என்றாள். கிள்ளி, இழுத்து, ஒடித்து. பேர் மறந்தால் என்ன, அங்கே போனால் தெரிந்துவிடும், அவன் மனசில்தான் அது கல்வெட்டாக இருக்கிறதே. திதி இந்த வருஷம் அக்டோபர் கடைசியில் வருகிறது, அதை ஒட்டியே வைத்துக்கொண்டால் அங்கேயே ஏதாவது ஓடைக்கரையில் எள்ளும் தண்ணியும் இறைத்துவிடலாம், சாஸ்திரிகள் போனில் மந்திரம் சொல்லிவிடுவார். தேதியை அமுக்கப் போகும்போது கஜபதி கூப்பிட்டான்.

கஜபதி திருத்தணிப் பக்கத்துக்காரன், இரண்டு தெரு தள்ளி வீடு, மூன்று வருஷப் பழக்கம். இலை பார்ப்பதில் பைத்தியம். புரட்டாசி விரதத்தையும் இலையையும் ஒன்றாக முடித்துக்கொள்வான், வழியில் கறிக்கடை வாசனை அடித்தாலும் பெருமாள் காப்பாத்துவாரு, டப்பா நிறைய புளிச்சோறு இருக்கு என்பான். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான் பூவராகன், திட்டத்தைச் சொன்னான். கஜபதி கேட்டுக்கொண்டே வந்து சிரித்தான். "அக்டோபர் கடைசில அங்க போயி என்னா பண்ணப் போற பூவு, வெறகு பொறுக்கவா? வருசா வருசம் போறவன் சொல்றேன் கேளு. அந்த மலைப் பக்கம்னா புரட்டாசிக்குள்ள போயிடணும். ஐப்பசி பொறந்துச்சுன்னா மொட்டை மரம்தான், சாஸ்திரத்துக்குக்கூட ஒரு இலை இருக்காது." அவரைக்காய்ச் சத்தம் நின்றது. நின்றதை அவன் காதால் கேட்கவில்லை, தோலால் கேட்டான். அவன் என்னவோ பதில் சொன்னான், கஜபதி என்னவோ சொன்னான், வீட்டம்மாவைக் கேட்டதா சொல்லு என்றான், போன் அணைந்தது. சத்தம் மறுபடி ஆரம்பித்தது, கிள்ளி, இழுத்து, ஒடித்து, ஆனால் சீர் தவறியிருந்தது. "அப்ப வர்ஜீனியா பக்கமே போலாமாங்க" என்றாள் வேதவல்லி, தட்டைப் பார்த்தபடி. அவன் தலையாட்டினான். தலையாட்டியது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஐப்பசி. அப்பாவின் திதி ஐப்பசி வளர்பிறை. ஒன்பது வருஷமாகச் சங்கல்பத்தில் துலா மாசே, துலா மாசே என்று சாஸ்திரிகள் பின்னால் சொல்லி வந்திருக்கிறான், துலா மாதம் என்றால் ஐப்பசி என்று தெரியாதவனா அவன். ஆனால் இலை அக்டோபரில் இருந்தது. இலை இங்கிலீஷ் காலண்டரில், அப்பா தமிழ்ப் பஞ்சாங்கத்தில். இரண்டும் வேறு வேறு சுவரில் மாட்டியிருந்தன, இவன் ஒரு சுவரைப் பார்க்கும்போது மற்றதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அக்டோபரில் பாதி புரட்டாசி, பாதி ஐப்பசி. பாதியில் இலை இருக்கும், பாதியில் இருக்காது. அப்பா எந்தப் பாதி. இல்லை, ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருக்காது, அந்த வருஷம் இலை பிந்தியிருக்கலாம், ஒரு வாரம் பிந்தும், பத்து நாள் பிந்தும். என்ன தேதி அது. தேதி எதற்கு, மீசை இருக்கிறதே. அப்பாவைக் கொண்டுபோயிருந்த அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் கன்னத்தில் கறுப்பு மையால் பூனை மீசை வரைந்திருந்தாள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, தலையில் அட்டையில் செய்த இரண்டு காது. பேய் வேஷம் போட்டுக்கொண்டு குழந்தைகள் மிட்டாய்க்கு அலைகிற நாள். அந்த மீசையோடு அவள் ஐயாம் சோ சாரி என்றபோது மீசை அசைந்தது. அதை மறக்கவே முடியவில்லை, அப்பாவின் முகத்தைவிட அது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று வெட்கப்பட்டிருக்கிறான். அந்த வேஷம் அக்டோபரின் கடைசி நாள். ஐப்பசி பிறந்து இரண்டு வாரம் தாண்டிய நாள். பத்து நாள் பிந்தினாலும் தேறாத நாள்.

அன்றைக்கு அவனும் அந்தச் சாலையில்தானே போனான். ஆறு மணி நேரம், இரண்டு பக்கமும் மரம். என்ன நிறம்? கண்ணை மூடினால் சிவப்பு வருகிறது, கல்சுவர் வருகிறது, வெளிச்சக் கீற்று வருகிறது. அதைத் தள்ளு. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது. ஸ்டீயரிங், மேகம், வைப்பர் ஒரு தடவை போட்டு நிறுத்தியது, பெட்ரோல் பங்க்கில் காற்று. சாம்பல். மலை சாம்பல் நிறமாக இருந்தது. சீப்புப் பல் மாதிரி வெறும் குச்சிகள், அதன் வழியாக மலைக்கு அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. பார்த்திருக்கிறான். தன் சொந்தக் கண்ணால் மொட்டை மரங்களுக்கு நடுவே ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனவன், சாயங்காலம் ஒருத்தி சொன்ன சிவப்பை அதன் மேல் பூசிக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்திருக்கிறான். சரி, பொய் சொன்னாள், இலை இல்லாததை இருந்தது என்றாள், மாமனார் சாவுக்குக் கொஞ்சம் அழகு செய்தாள், அதில் என்ன தப்பு, யார்தான் செய்யமாட்டார்கள். மனசு அந்த இடத்தில் நிற்கப் பார்த்தது. நிற்க முடியவில்லை. இலை இல்லையென்றால் மலையைப் பார்த்துப் போதும் என்றது இல்லை. அது இல்லையென்றால் பெஞ்சு இல்லை, பிளாஸ்க் இல்லை, திரும்புவதற்குள் தலை சாய்ந்தது இல்லை. பின்னலில் ஒரு இழையை இழுத்தாயிற்று, மிச்சம் தானாகவே வந்துகொண்டிருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. அன்று காலை ஆபீஸில் அவள் போன் வந்தபோது என்ன சொன்னாள். மாமாவுக்கு முடியலைங்க, இங்க ஆஸ்பத்திரில இருக்கோம், வந்துடுங்க, பதறாம ஓட்டிட்டு வாங்க. அவ்வளவுதான். அவன் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதில் ஒரு கர்வம்கூட இருந்தது. அம்மா செத்தபோது அவன் சென்னையில் இருந்தான், பூங்கோதையின் வீட்டுக்காரர் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார், அத்தைக்குக் கொஞ்சம் முடியல மச்சான், பதறாம கெளம்பி வாங்க. விருத்தாசலம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேண்டிக்கொண்டு போனான், அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஆட்டோ, தெருமுனை திரும்பியதும் வாடகை நாற்காலிகளும் சாமியானாவும். முதல் நாளே போய்விட்டிருந்தாள். நம்மூரில் போகிற வழியில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்லமாட்டார்கள், முடியல என்பார்கள், வீட்டு வாசலில் தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவார்கள். பஸ்ஸில் வேண்டிக்கொண்ட அந்த வேண்டுதலை நினைத்தால் அவமானமாக இருக்கும் அவனுக்கு. இனி ஏமாறுவதில்லை என்று அன்றே முடிவு செய்தான். அதனால் வேதவல்லியின் முடியல காதில் விழுந்ததும் அப்பா போய்விட்டார் என்று மனசுக்குள் ஒரு கதவைச் சாத்தினான். அழவில்லை. மேஜையை ஒழுங்குபடுத்தினான். மேலதிகாரியிடம் ஃபாதர் எக்ஸ்பயர்ட் என்றான். வீட்டுக்குப் போய்க் குளித்து, கறுப்புக் கோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினான். போய்விட்டவரிடம் விரைந்து போக என்ன இருக்கிறது, பதறாமல் வா என்றாளே, பதறாமல் போனான். வழியில் சாலையோர ஓய்விடத்தில் நிறுத்தினான், கழிப்பறை போனான், காபி வாங்கினான், மர மேஜையில் உட்கார்ந்து பூங்கோதைக்குப் போன் செய்தான். அங்கே ராத்திரி. "அப்பா போயிட்டாரும்மா" என்றான். அவள் போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது, பக்கத்து மேஜைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தான். உடலை ஊருக்கு அனுப்புவதா இங்கேயே முடிப்பதா என்று மச்சானோடு பேசினான். காபி நன்றாக இருந்தது. இன்னொன்று வாங்கினான். இன்னொன்று வாங்கினான் என்கிற ஞாபகம் இப்போது மேஜைமேல் வந்து உட்கார்ந்தது, வெயிலில், மடிக்கணினிக்குப் பக்கத்தில், ஆவி பறக்க.

மூன்றாவது உறுத்தல். இனி அதன் பக்கம் போகாமல் இருக்க முடியாது. அப்பாவின் உள்ளங்கை. சாயங்காலம் அந்த அறையில் போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்தான், அது கதகதப்பாக இருந்தது. காலையிலேயே மலைமேல் உயிர் போனவரின் கை. ஆஸ்பத்திரியில் ஹீட்டர் போட்டிருப்பார்கள், கனமான போர்வை, அதனால் என்று அப்போதே காரணம் கண்டுபிடித்தான், கண்டுபிடித்த வேகத்திலேயே வைத்து மூடினான். அதற்கு முன், அவன் வந்து சேர்ந்தபோது, அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வேதவல்லி நின்றிருந்தாள். அவள் முதலில் கேட்டது என்ன. வந்துட்டீங்களா என்று கேட்டாள் என்றுதான் இத்தனை வருஷம் வைத்திருந்தான். இல்லை. "வழில எங்கயாவது நின்னீங்களா" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது, அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டான். அவன் என்ன சொன்னான். எனக்குக் காலையிலயே புரிஞ்சுபோச்சு வேதா, நீ மறைச்சாலும் எனக்குத் தெரியாதா, பூங்கோதைக்கும் அப்பவே சொல்லிட்டேன், அவங்க அங்க எல்லா ஏற்பாடும் பண்றாங்க என்றான். சமர்த்தாக எல்லாம் செய்து முடித்த பிள்ளையின் குரலில் சொன்னான். அவள் அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான், அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தாள். மலை முழுக்கச் செக்கச்செவேல்னு இருந்துச்சுங்க. எதிர்ச் சுவரில் என்ன இருந்தது. அவன் அங்கே பார்த்தான், இப்போது, ஒன்பது வருஷம் கழித்து, அவள் தோளுக்கு மேலாக. சட்டம் போட்ட பெரிய போட்டோ. சிவப்பும் ஆரஞ்சுமாக ஒரு மலை. கீழே கல்சுவர். ஓரத்தில் ஆள் இல்லாத பெஞ்சு. வலது மூலையில் கண்ணாடிமேல் தாழ்வாரத்து டியூப்லைட் விழுந்து வெள்ளையாக ஒரு கீற்று. சூரியன் இல்லை. ஒருகாலும் அது சூரியன் இல்லை. அந்த மலையில்தான் அப்பாவை உட்காரவைத்தாள், அவன் எதிரிலேயே, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, அவனுக்காக, அவன் இரண்டாவது காபி வாங்கியபோதும் அப்பா உயிரோடு இருந்தார் என்பது அவனுக்குத் தெரியாமலே போகட்டும் என்று. அதற்கப்புறம் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், பூங்கோதை அழ அழ. இது எதுவும் இல்லாமலும் இருக்கலாம். கஜபதி ஒரு பேச்சுக்குச் சொன்னான், மீசை வேறு ஆஸ்பத்திரியாக இருக்கலாம், கை சூடு ஹீட்டராகவே இருக்கலாம். ஐம்பத்து நாலு வயதில் ஞாபகம் தன் இஷ்டத்துக்கு எதையாவது தைத்துக் கொடுக்கும். ஆனால் எதிரே சத்தம் நின்றிருந்தது. தட்டில் காய் பாக்கி இருந்தது, அவள் கையிலும் ஒரு காய் இருந்தது, பாதி நார் உரிந்து தொங்கியது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாழ்வாரத்துப் பார்வை. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ.

"ரூம் போட வேணாங்க" என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்."

கணினியில் தேதி கேட்டுக் கட்டம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. மூடினான். அன்னைக்கு மரத்துல இலை இருந்துச்சா என்று கேட்க வேண்டும், அது சின்னக் கேள்வி, அவள் இல்லை என்று சொன்னாலும் உயிர் போகாது, அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொள்ளலாம் என்று வாக்கியத்தை வாய்க்குள் அடுக்கி வைத்திருந்தான். அவள் பெயரைச் சொன்னான். அவள் அந்த நாரை இழுத்து முடித்து, காயை ஒடிக்காமல் அப்படியே தட்டில் வைத்தாள், இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டாள், இத்தனை காலம் இதற்காகவே உட்கார்ந்திருந்தவள் மாதிரி. அவன் அடுக்கி வைத்த வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது, அவன் குரல் மாதிரியே இல்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே வேண்டிக்கொண்டு போனவனின் குரல் மாதிரி இருந்தது.

"வேதா, அப்பா என்னைக் கேட்டாரா?"